வாயைத் திறக்காத மாப்பிள்ளை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் அதுவே போதும். போனில் பேசினால் பக்கத்தில் இருக்கும் அப்பா காதில் விழும், போனில் எழுத்துத் தட்டவும் எனக்கு வராது. அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், பார்த்த உடனே படி.

நீ விட்டுப்போன குள்ள விரால் மீன் ஜோடியை அப்பா எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று உனக்கே தெரியும். ஆணுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்து, துள்ளி வெளியே விழுந்துவிடும் என்று தொட்டி மூடிமேல் தன் பழைய மருந்து அரைக்கிற கல்வத்தைத் தூக்கி வைத்து, மேலே வந்து மூச்சு வாங்க இடம் வேண்டும் என்று தண்ணீரை விளிம்புக்குக் கீழேயே நிறுத்தி, எனக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை. எல்லாம் நீ சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான். குஞ்சு பொரிக்கட்டும்ப்பா, பாக்கறதுக்குன்னே வரேன் என்றாயே. நீ விளையாட்டாகச் சொன்னாயோ என்னவோ, அவர் அதைப் பிடித்துக்கொண்டு தினமும் டார்ச் அடித்துச் செடிக்கு அடியிலும் ஓட்டுக்கு அடியிலும் முட்டை தேடிக்கொண்டிருந்தார்.

போன வாரம் மாப்பிள்ளை சாப்பாட்டை நிறுத்திவிட்டது. மண்புழுவை மூக்கிற்கு நேரே தொங்கவிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் நின்றது, தொண்டை வேறு உப்பிப்போயிருந்தது. உன் அப்பாவின் கம்பவுண்டர் புத்தி சும்மா இருக்குமா. ஊரில் யார் இருமினாலும் ஆ காட்டு என்று ஸ்பூனோடு போய் நிற்கிறவர், தொண்டையில கட்டி, உள்ள பார்த்தே ஆகணும் என்றார். வேண்டாங்க, மீனுக்கெல்லாமா வாயைத் திறந்து பார்ப்பாங்க என்று தலையால் அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. முந்தாநாள் ஈரத்துண்டில் அதைச் சுற்றி, வாஷ்பேசின்மேல் பிடித்து, டீஸ்பூன் காம்பால் வாயைத் திறந்தார். மஞ்சள் மஞ்சளாக உருண்டைகள் கொட்டின. பாத்தியா, சீழ் என்று என்னிடம் ஜெயித்த முகத்தோடு சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டார்.

மீனைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டபோது அதனோடு கொஞ்சம் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வந்து மேலே மிதந்தன. அந்த ஜீவன், அவ்வளவு நடுக்கத்திலும், ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கி வாய்க்குள் எடுத்துக்கொண்டது. விழுங்கவில்லை, தொண்டை திரும்பவும் உப்பியது. பேசின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒன்றை அப்பா பூதக்கண்ணாடியில் பார்த்தார். அதற்குள் கறுப்பாக இரண்டு கண் இருந்தது. முட்டையை அப்பன் வாயில் வைத்து வளர்க்கிற ஜாதி என்று எங்களுக்கு எப்படித் தெரியும், நீயும் சொல்லவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது, உன்னைக் குறை சொல்லவில்லை.

பேசினுக்கு அடியில் இருக்கிற குழாயைக் கழற்றி, அந்தச் சகதியை வெள்ளைத் தட்டில் கொட்டி, விரலால் தடவித் தடவித் தேடினார். ஒன்றும் இல்லை. என் பொண்ணு வர வழியையே தண்ணில விட்டுட்டேனே என்று தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

அதிலிருந்து சாப்பாடு கிடையாது. மாப்பிள்ளை வாயைத் திறக்கட்டும், நானும் திறக்கிறேன் என்று தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறார், அடுத்தவர் செய்தால் கிழிகிழி என்று கிழிப்பார். இன்று காலை கண் இருட்டித் தொட்டிமேல் சாய்ந்துவிட்டார், சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றி எழுப்பினேன். டாக்டரிடம் போகலாம் என்றால் அவருக்கு என்னைவிட அதிகம் தெரியுமா என்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மீன் பட்டினி கிடந்து பிழைத்துக்கொள்ளும்போலிருக்கிறது, இந்த மனிதர் பிழைக்க மாட்டார். வாயில் மிச்சம் இருப்பது பொரிக்குமா என்றும் தெரியவில்லை.

அதனால் வேலை இருந்தாலும் போட்டது போட்டபடி இருக்கட்டும், இப்போதே வீடியோவில் கூப்பிடு. மீனைப் பற்றிக் கேட்டுக் கோபப்படாதே. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் நான் எவ்வளவு கெஞ்சினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாய், அவர் ஆ காட்டு என்றால் உடனே திறப்பாய். இன்றைக்கு நீ அவரிடம் ஆ காட்டு என்று சொல். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன்.

நீங்கள் இருவரும் நூறாண்டு குறைவில்லாமல் வாழவேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு தூங்காதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வரமுடியாது என்றால் அடுத்த வருஷம் வருகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதே, அவர் நம்பிவிடுவார்.

உன் வழி பார்த்திருக்கும்,
அம்மா