ஸ்காக்வேயில் ஆறு மணி பஸ்

வெர்லின்,

பல் டாக்டர்கிட்ட போயிட்டு வரேன். சாப்பாடு ஃப்ரிட்ஜுல இருக்கு, சுட வச்சுச் சாப்பிடு. கார் சாவியைத் தேடாதே, நான்தான் எடுத்துட்டுப் போறேன்.

நாலு மணிக்கு உன் தங்கச்சி ஆர்டிஸ் வருவா, நம்ம அலாஸ்கா கப்பல் திட்டத்தைப் பார்க்கணுமாம். உன் ஃபைலைக் காட்டு. கப்பல்ல ஜன்னலே இல்லாத அறையை நீ ஏன் எடுத்தேன்னு நீயே சொல்லிக்கோ. ஏழு ராத்திரி அதுக்குள்ள உன் குறட்டையும் நானும்.

ஆனா ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சியே, அதை அவகிட்ட சொல்லாதே. "ஸ்காக்வே துறைமுகத்துலேருந்து கப்பல் அஞ்சு மணிக்குக் கிளம்புது. மகராசி மலைக்குப் போயிட்டு ஆறு மணி பஸ்ல திரும்ப டிக்கெட் போட்டிருக்கா! நாமளா ஊர் சுத்தப் போனா கப்பல் காத்திருக்காதுன்னுகூடத் தெரியல!"

மூணு மாசமா அந்த ஃபைலை எனக்குப் படிச்சுக் காட்டுறே. எனக்கா தெரியாது?

நாய்க்கு மாத்திரை கொடுத்துடு.

மார்லிஸ்

பி.கு. சிவப்பு மையில வட்டம் போட்டியே, அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை நல்லாப் பாரு. ஆறு மணி பஸ்ஸுக்கு ஒரே ஒரு டிக்கெட்தான். உன்னுது மூணு மணி பஸ்ஸுல இருக்கு.