மாவறைக் கதவில் எழுதிய எண்கள்

என் அக்கா பெற்ற அருமை மகளுக்கு,

உன் ஒரே மாமா, பேக்கரி ஓவன் பக்கத்தில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். வேலைக்குப் போன தூர ஊரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வீட்டில் இருக்கும் ஒரே போன் உன் அம்மா கையில். நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "அளந்தது போதும்டா" என்று பிடுங்கிக்கொள்கிறாள். கடிதத்தில் யாரும் என் வாயைப் பொத்த முடியாது.

முதலில் பெரிய செய்தி. உன் அம்மாவின் சர்க்கரையை உன் மாமா மண்டியிட வைத்துவிட்டான்! போன மாதம் நீ என்னிடம் சொன்னது ஒரே ஒரு வரி. "அம்மாவுக்கு மைதாவைக் குறைங்க மாமா." நான் குறைக்கவில்லை, ஒழித்தே விட்டேன். நாற்பது வருஷமாக மைதாவோடு குடித்தனம் நடத்தியவன், ஒரே நாளில் விவாகரத்து.

இந்த விஷயத்தில் இங்கே நடந்த சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும். தினமும் பத்து மணிக்கு நம் பேக்கரி வாசலில் சர்க்கரை வியாதிக்காரர்கள் கூடுவார்கள். ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர், "தானியமே விஷம், வாயில் வைக்காதே" என்பார். எதிர்க்கடைத் தையல்காரர், "முழுக் கோதுமைதான் மருந்து, எங்க அப்பா தொண்ணூறு வயசு இருந்தாரு" என்பார். மருந்துக்கடைக்காரர் ஓட்ஸ் கட்சி. மூன்று பேரும் கத்துவார்கள், கத்திக்கொண்டே என் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு கிரீம் பன் எடுத்துக் கடிப்பார்கள். நான் சொன்னேன்: "ஐயாமார்களே, நீங்கள் புத்தகத்தில் படித்தவர்கள், நான் மாவில் படித்தவன். ஒரு வாரம் பொறுங்கள்."

பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு அனுப்பியதற்குக் காரணம், அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. பாதாம் பவுடர் ஒரு பங்கு, எண்ணெய் பிழிந்த தேங்காய்ச் சக்கையை உலர்த்தி அரைத்த மாவு அரைப் பங்கு, ஆளி விதைத் தூள், முட்டை. முதல் ரொட்டி செங்கல். இரண்டாவது, செங்கல்லுக்கு அண்ணன். மூன்றாவதை நாய் மோந்து பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ஏழாவது தடவை ஓவனைத் திறந்தேன், பஞ்சு! முதலாளியே வாயைப் பிளந்தார். வெளிநாட்டிலிருந்து இரண்டு கம்பெனிக்காரர்கள் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று கேள்வி.

இப்போது உன் அம்மாவுக்கு மூன்று வேளையும் அந்த ரொட்டிதான், கீரை, முட்டை, அவ்வளவுதான். நீ அனுப்பிய மெஷினில் தினமும் காலையில் விரலைக் குத்திப் பார்க்கிறோம். அந்த எண்ணை நான் மாவறைக் கதவில் சாக்பீஸால் எழுதுகிறேன். 280. அப்புறம் 210. 165. 120. நேற்று 84! எல்லோரும் வந்து கதவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். டிரில் மாஸ்டர் எனக்கு சல்யூட் அடித்தார். நான் விடுவதாக இல்லை. இன்னும் இறக்குவேன்.

டாக்டர் கொடுத்த இன்சுலின் ஊசியும் காலை மாலை தவறாமல் போடுகிறாள், அதில் குறை சொல்ல முடியாது. கொஞ்ச நாளாகக் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, காரணமில்லாமல் என் மேல் எரிந்து விழுகிறாள். தையல்காரரிடம் கேட்டேன். உடம்பில் ஊறிய சர்க்கரை வெளியேறும்போது அப்படித்தான் இருக்குமாம். எரிந்து விழுவது உன் அம்மாவுக்குப் பிறவிக் குணம், அதை மெஷினில் பார்க்க வேண்டியதில்லை.

நூறு வருஷம் நல்லா இரு.

இப்படிக்கு,
மைதாவை வென்ற உன் மாமா

*

அன்பு மகளுக்கு,

மாமா எழுதுவது. உன் அம்மா நலமாக இருக்கிறாள். முதலில் அதைப் படித்துவிட்டு, மூச்சு விட்டுவிட்டு, அப்புறம் மீதியைப் படி.

போன செவ்வாய்க்கிழமை காலை மெஷின் 58 காட்டியது. நான் கதவில் அதை மற்ற எண்களை விட இரண்டு மடங்கு பெரிதாக எழுதினேன். வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் என் செலவில் டீ. உன் அம்மா வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டு, என் ரொட்டி இரண்டு துண்டு தின்றுவிட்டு, லாண்டரிக்கு வேலைக்குப் போனாள். "படி இறங்கும்போது கால் எங்கேயோ போகுதுடா" என்றாள். "எடை குறைஞ்சிடுச்சுக்கா, பறக்கப் போற" என்றேன்.

பதினொரு மணிக்கு லாண்டரிக்கார அம்மா ஓடி வந்தாள். உன் அம்மா இஸ்திரி மேஜை மேலேயே சாய்ந்துவிட்டாள். சூடான பெட்டி இடது முழங்கைக்குக் கீழே விழுந்திருக்கிறது. அதுகூடத் தெரியாமல் கிடந்திருக்கிறாள். நான் மாவுக் கையோடு ஓடினேன். வழியில் செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்கள். ஆமாம், சர்க்கரை. எதை ஒரு மாதமாக நான் வீட்டு வாசற்படி மிதிக்க விடவில்லையோ, அதுவே வந்து அவளைக் கண் திறக்க வைத்தது.

சர்க்கரை இறங்குவதற்கும் ஒரு தரை உண்டு, அதற்குக் கீழே போனால் ஆள் போய்விடுவார் என்று எனக்குத் தெரியாது. ஏறினால் ஆபத்து, இறங்கினால் நல்லது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் நீ என் முதல் கடிதத்தைப் படித்துவிட்டுப் போன் செய்தாய் அல்லவா? உன் அம்மா கையில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "இஸ்திரி போட்டுட்டு இருக்கேன்டி, அப்புறம் பேசறேன்" என்றாள். ஊசி அளவைக் குறைக்கணும், உடனே டாக்டரிடம் சொல்லுங்க என்று நீ அழுதது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. என்ன சாப்பிட்டீங்க என்று அவர் கேட்டதற்கு, "நான்தான் ரெண்டு நாளா சரியா சாப்பிடல டாக்டர், என் தப்பு" என்றாள். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், பேசாதே என்று. டாக்டரும் நம்பிவிட்டார். வேளைக்குச் சாப்பிடுங்கள், ஊசி பழைய அளவிலேயே இருக்கட்டும் என்று சீட்டில் எழுதினார்.

நான் பேசவில்லை. உன் மாமா வாய் மூடி நின்றதை நீ உன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அன்று நின்றேன்.

அப்புறம் லாண்டரிக்கார அம்மாதான் என்னை வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். பத்து நாளாகவே உன் அம்மாவுக்கு மயக்கம் வந்துகொண்டிருந்ததாம். "ஒரு பன்னாவது தின்னு" என்று இவள் கொடுத்தபோதெல்லாம் கையைத் தள்ளிவிட்டாளாம். "வேணாம், நாளைக்குக் காலையில மெஷின்ல ஏறிடும். என் தம்பி கதவுல எழுதணும். ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கான், முகம் வாடிடும்" என்றாளாம்.

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. டாக்டர் காரில் ஏறப் போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அவர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "மாவு நல்ல மாவுதாங்க. சாப்பாட்டை மாத்தினா ஊசியையும் மாத்தணும், அதுக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றார். ஊசியைப் பாதிக்கும் கீழே குறைத்தார். திட்டியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். கைப்புண் ஆற வேண்டும். சர்க்கரை ஏறினால் புண் ஆறாதாம். இறங்கினால் மறுபடி விழுவாளாம். டாக்டர் எழுதிக் கொடுத்த உணவுத் தாள் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. கிராம் கணக்கு. நான் மூட்டைக் கணக்கில் வளர்ந்தவன். பக்கத்திலேயே டிரில் மாஸ்டர் ஒரு தாள் கொண்டுவந்து ஒட்டினார், மருந்துக்கடைக்காரர் இன்னொன்று. ஒன்றில் பழம் கூடாது, ஒன்றில் பழம் வேண்டும். டாக்டர் தாளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிழித்துப் போட்டேன். பேக்கரி வாசலில் சண்டை இன்னும் நடக்கிறது. "பேக்கரி மாஸ்டர், நீங்க சொல்லுங்க" என்று என்னைக் கேட்கிறார்கள். ஓவனில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விடுகிறேன்.

ஆனால் வீட்டில் உள்ளே போக இடம் இல்லை. உன் அம்மா தட்டுக்கு முன்னால் உட்காருகிறாள். ஒரு துண்டை எடுக்கிறாள், வாய் வரைக்கும் கொண்டுபோகிறாள், நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். "இதைத் தின்னலாமாடா?" அதட்டி அதட்டி என்னை வளர்த்தவள், சின்னக் குழந்தை மாதிரிக் கேட்கிறாள். உலகத்தில் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தவன் நான். தாளைப் பார்க்கிறேன், மெஷினைப் பார்க்கிறேன், தட்டைப் பார்க்கிறேன். தின்னு என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறதா பார்க்கிறேன் என்று எழுந்து போய்விடுகிறேன். திரும்பி வரும்போது அந்தத் துண்டு தட்டில் அப்படியே இருக்கிறது.

கதவில் இருந்த எண்களை ஈரத் துணியால் துடைத்தேன். 58 மட்டும் அழுத்தி எழுதியதால் முழுதும் போகவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். தினமும் அவள் சாப்பிடும் நேரத்துக்கு, காலை எட்டு, மதியம் ஒன்று, போன் செய். திட்டாதே, கிராம் கேட்காதே, நான் எழுதியதையும் கேட்காதே. "அம்மா, சாப்பிடு" என்று மட்டும் சொல். நீ சொன்னால் அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

உனக்கு வருஷத்துக்கு ஒரு லீவுதான், அது அடுத்த மழைக்காலத்தில்தான் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் அம்மா காலண்டர் தாளை முன்னால் புரட்டிப் பார்த்துவிட்டு, பழைய இடத்துக்கே திருப்பி வைக்கிறாள். பார்த்ததை எழுதினேன்.

நீ நல்லா இருக்க வேண்டும். உன் கையும் காலும் சுகமாக இருக்க வேண்டும். வேலை எவ்வளவு இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு, கண்ணு. வயிறாரச் சாப்பிடு.

இப்படிக்கு,
மாமா