பாலத்தடியில் இருபத்துநாலு சென்டிமீட்டர்

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றைக்கும் ஒன்று இருபதுக்கு சைரன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. திருச்சானூர் ரோட்டில் பதினாலாம் நம்பர் பாலத்தடியில் மட்டும் தண்ணீர் ஒன்றரை மீட்டராம். ஒரு வாரமாக இதே கதை. பாலத்துக்கு அடியில் மாட்டியிருக்கும் சென்சார், கீழே ஓடும் தண்ணீரின் உயரத்தை அளந்து எங்கள் அறைக்கு அனுப்ப வேண்டும். ஒரு மீட்டரைத் தாண்டினால் பக்கத்துக் கம்பத்தில் சைரன் தானாக அலறும். அந்தக் கால்வாய் காய்ந்து மாதக்கணக்காகிறது. எதை அளக்கிறது அந்தச் சனியன்?

சார் கூப்பிட்டுத் திட்டினார். "ஏம்மா யாமினி, தினம் ஒரு பொய் அலாரமா? இன்னொரு தடவை ஊதிச்சுன்னா உன் கான்ட்ராக்ட் அவ்ளோதான்." வெள்ள எச்சரிக்கை அறையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். மழையைவிட சாரின் கோபத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

டெக்னீஷியன் ஜெபகுமார் காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சிலந்தி வலை இருந்துச்சு, தொடைச்சிட்டேன். கீழ ஒரு சாக்கு கெடக்கு. சென்சார்ல ஒரு குறையும் இல்ல."

குறை இல்லையென்றால் என் தலையெழுத்துதான் குறை. ஒரு நொடியில் எகிறுகிற அளவு எதுவும் தண்ணீர் இல்லை என்று ஒரு கட்டளை எழுதிப் போட்டேன். எங்கள் பதிவேட்டில் இரண்டே வகை: தண்ணீர், பழுது. இது பழுது.

அக்டோபர் 10, வெள்ளி

ஒன்று இருபது. சத்தமில்லை. சார் சிரித்தார்!

அக்டோபர் 13, திங்கள்

ஒரு புகார் போன். பாலத்துக்கு எதிரே மெஸ் வைத்திருக்கும் சுந்தராம்பாள். "ஏம்மா, ரெண்டு மூணு நாளா சங்கு ஏன் ஊதல? அதக் கேட்டுதானே எல்லாரும் துன்ன வராங்க. சோறு ஆறிப் போவுது."

எங்கள் சைரனை சாப்பாட்டுச் சங்கு என்று நினைத்திருக்கிறார்கள்! பக்கத்து சீட் ஸ்ரீஹரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். புகார் நோட்டில் அந்த அம்மாவின் நம்பரை எழுதி வைத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

வேலை இல்லாத மதியம். என் கட்டளை தள்ளிவிடுகிற அளவுகளைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

முதலில் 150. கொஞ்ச நேரத்தில் 81. பிறகு 24. இரண்டு மணி நேரம் அப்படியே 24. பிறகு 81, 150, பூஜ்யம். எல்லா நாளும் இதே படிகள். எந்தத் தண்ணீர் இப்படி வரும்?

வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்தேன். நின்றால் எனக்கு 153. உட்கார்ந்தால் 82. தரையில் படுத்துக்கொண்டு, தரையிலிருந்து நெஞ்சு எவ்வளவு உயரம் என்று அம்மாவை அளக்கச் சொன்னேன். "இன்னாடி இது, பொணத்த அளக்கற மாதிரி" என்று முணுமுணுத்துக்கொண்டே அளந்தாள்.

இருபத்து மூன்று.

அது தண்ணீர் இல்லை. ஆள். ஒரு வாரம் நான் பழுது என்று எழுதி வைத்தது ஒரு ஆளை.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று திரையை விட்டு நகரவில்லை. 24. 25. 24. 25. நெஞ்சு ஏறி இறங்குகிறது. முகம் தெரியாத யாரோ தூங்குவதை ஆறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறேன். உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஜெபகுமாரை அப்போதே அனுப்பினேன். அவர் வண்டி நிற்கும் நேரத்துக்குச் சரியாக அளவு பூஜ்யமானது. "யாருமே இல்லம்மா" என்றார் போனில். கொஞ்சம் பொறுத்து, "சாக்கு மட்டும் சூடா இருக்கு."

சாரிடம் சொன்னேன். "ஆளை அளக்கவா கவர்மென்ட்டு சென்சார் வச்சிருக்கு?" என்றார்.

அக்டோபர் 22, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்தே மலைப்பக்கம் கறுப்பு. கீழே நல்ல வெயில். 1:15க்கு, கால்வாய் தொடங்கும் மலையடிவாரத்துச் சென்சார் 110 காட்டியது. அங்கிருந்து தண்ணீர் பதினாலாம் நம்பர் பாலத்துக்கு வர நாற்பது நிமிடம். 1:20 — 150. 81. 24. இன்றைக்குமா! ஐயோ, இன்றைக்குமா வந்து படுக்கணும்?

சைரனைக் கையாலேயே அழுத்தினேன். மூன்று நிமிடம் அலறியது. 24. 25. 24. அசையவில்லை. தான் படுக்க வரும்போதெல்லாம் ஊதின சைரன். அந்த ஆள் ஏன் பயப்படணும்? ஊரும்தான் ஏன் பயப்படணும்? "இந்நேரம் எல்லாரும் துன்னப் போய்க்கினு இருப்பாங்க" என்றான் ஸ்ரீஹரி. இன்று அவன் சிரிக்கவில்லை.

தீயணைப்பு நிலையத்துக்கு லைன் கிடைக்கவே 1:40 ஆனது. வண்டி வர அரை மணி நேரமாகும் என்றார்கள். "ஆளைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். பார்க்கவில்லை. மூச்சு விடுவதைத்தான் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

புகார் நோட்டு ஞாபகம் வந்தது. எடுத்த எடுப்பில் சுந்தராம்பாள், "சங்கு ஊதிடுச்சும்மா, கேட்டுச்சு. சோறு போட்டுக்கினு இருக்கேன்" என்றாள்.

"அது சாப்பாட்டுச் சங்கு இல்லக்கா! வெள்ளம் வருது. பாலத்தடியில ஒரு ஆளு தூங்கிக்கினு இருக்கு!"

போனை அணைக்காமல் வைத்துவிட்டு ஓடினாள். தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. 1:48. 24. 25. 24. 1:50. 24. 25.

81.

150.

பூஜ்யம்.

மூன்று நிமிடம் பூஜ்யம். பிறகு 30, 70, 140, 210. நிற்காமல், உட்காராமல் ஏறியது. தண்ணீர் இப்படித்தான் வரும்.

சுந்தராம்பாள் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "கரண்டியால பாலத்துச் சுவத்த தட்டித் தட்டிக் கத்தனேன்மா. அந்தாண்ட கரையில ஒண்ணு ஏறிப் போச்சு. தலையில மஞ்சத் துணி. ஆம்பளையா பொம்பளையான்னு கூடத் தெரியல. எவ்ளோ கூப்ட்டும் திரும்பலம்மா."

மேஜைமேல் கவிழ்ந்து அழுதேன். ஸ்ரீஹரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். தண்ணீரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

மெஸ்ஸில் விசாரித்தேன். மஞ்சள் துணிக்காரரை யாருக்கும் தெரியவில்லை. மெஸ் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. இனி சாப்பாட்டுக்கு அதைத்தான் தட்டுவார்களாம். "உன் சங்கு ஊதினா ஓடணும்னு எல்லாருக்கும் சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள் சுந்தராம்பாள்.

கால்வாய் வடிந்துவிட்டது. சாக்கு இல்லை.

அக்டோபர் 31, வெள்ளி

பூஜ்யம். ஒன்று இருபதுக்கு எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. இருக்கிறாயா, இல்லையா?

என் கட்டளையை அழித்துவிட்டு வேறு எழுதினேன். பதிவேட்டில் மூன்றாவதாக ஒரு வகை சேர்த்தேன். அது தெரிந்தால் சைரன் ஊதாது. ஆனால் அதே நேரம் அடிவாரத்தில் தண்ணீர் ஏறினால் மெஸ்ஸுக்கு போன் போகும். சார் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் 5, புதன்

1:20. 150.

வெகு நேரம் 150. நிமிர்ந்து சென்சாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதோ என்று தோன்றியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன்.

81. 24. 25. 24.

மலைப்பக்கத்துச் சென்சார்களை இரண்டு முறை பார்த்தேன். ஆறும் பூஜ்யம். பாலத்துப் பக்கம் வண்டியை நிறுத்த வேண்டாம் என்று ஜெபகுமாருக்குச் சொன்னேன்.

வகை: ஆள்.

தூங்கட்டும்.