மூடினாலும் அங்கே ஓடும்

ஆனி 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகன் ஏழுமலை, அவன் மகள் தேவகி, எதிர்வீட்டு சகாயமேரி, படையல் போட வந்த பூசாரி. அப்புறம் படத்தில் கன்னியம்மா. அவளையும் சேர்த்துத்தான் எழுதுவேன். அவளுக்குத்தான் தெவசம்.

கன்னியம்மா என் மருமகள். எனக்கும் அவளுக்கும் பேச்சில்லாத நாள்தான் அதிகம். சண்டையில் என் வெற்றிலைப் பெட்டியைக் கிணற்றில் வீசியவள். மறக்கவில்லை. ஆனாலும் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றவள் மண்டையில் குவாரிக் கல் வந்து விழுந்தது, அது வேறு கணக்கு. பக்கத்தில் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்து அரிசி சிவப்பாகிவிட்டது. அந்த முறத்தை நான்தான் கொளுத்தினேன்.

மலைக்கல் தானாக உருண்டு வந்தது, வெடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றது குவாரித் தரப்பு. செஞ்சியில் எங்கே பார்த்தாலும் கல் குவிந்து கிடக்கிறது, யாரும் மறுத்துப் பேசவில்லை. ஏழுமலையும் பேசவில்லை. அதே குவாரியில் டிப்பர் ஓட்டுகிறான். காரியம் முடிந்த மறுநாளே வண்டி ஏறினான். "வேற எங்கம்மா போறது?" என்றான்.

இப்போது குவாரியை எங்கள் தெருப் பக்கம் அகலப்படுத்த அனுமதி கேட்கிறார்கள். தேவகி எதிர்த்து மனு கொடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை விசாரணை. சென்னையில் பாறை பற்றி மேல்படிப்பு படிக்கிறவள். வெடி வைத்தால் கல் எதுவரை வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, படமாகக் காட்டப்போகிறாள். படம் வந்தால் குவாரி நிற்கும். வராவிட்டால் அடுத்த கல் யார் தலையிலோ.

பூசாரி வடையைக் குறை சொன்னான். அடுத்த வருஷம் வேறு ஆள்.


ஆனி 9, திங்கள்

தேவகி டேப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்த கல்லை எல்லாம் அளந்து வந்தாள். சகாயமேரி கூடப் போனாள். தேவகிக்கு முட்டி இரண்டிலும் சிராய்ப்பு.

மடியில் வைத்துத் தட்டும் அந்தச் சின்னப் பெட்டியா இத்தனை கணக்கும் போடும் என்று கேட்டேன்.

"இது போடல ஆயா. எங்க காலேஜ்ல ஒரு ரூம் ஃபுல்லா மிஷினுங்க இருக்குது. கணக்கு அங்க ஓடுது. படம் மட்டும் லைன் வழியா இங்க வருது."

"டிவி மாதிரியா?"

"டிவிக்காரன் நீ சொன்னா கேப்பானா? இது கேக்கும். இங்க நான் தட்டினா அங்க நடக்கும்."

திரையில் ஒரு கட்டம். அதை விண்டோ என்கிறாள். அதற்குள் எங்கள் மலை, எங்கள் தெரு. சாயந்திரம் வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது. அப்போது ஒரு குவாரி டிப்பர் பின்தொட்டியை இறக்காமல் தெருவில் வந்தது. குறுக்கே கட்டியிருந்த இன்டர்நெட் கம்பியை அறுத்துக்கொண்டு போனது. விண்டோ மறைந்தது. கணக்கும் செத்தது. சனிக்கிழமை தொடங்கியது, எல்லாம் பாழ். பெண் தரையில் கையை அடித்து அழுதாள்.

நான் ஓடிப்போய்க் கல்லால் அடித்தேன். டிப்பரின் பக்கக் கண்ணாடி போனது. டிரைவர் என்னைக் கெழட்டு நாயே என்றான். கருப்பு ஆள், காதில் கடுக்கன். நினைவில் வைத்திருக்கிறேன்.

கூடப் படிக்கிற பெண் போனில் தேவகியைத் திட்டினாள். எனக்கும் கேட்டது. "நேரா படத்த இழுத்தா லைன் போனதும் எல்லாம் சேந்து போயிடும்டி. அங்கியே ஒரு திரையத் தொறந்து அதுக்குள்ள ஓட வுடு. நீ இங்கேருந்து எட்டி மட்டும் பாரு."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அவள்.


ஆனி 10, செவ்வாய்

கேபிள்காரன் வந்து கம்பி கட்டினான். தேவகி புது முறையில் தொடங்கிவிட்டாள். வியாழன் இரவுக்குள் முடிந்துவிடுமாம்.

கத்தரிக்காய் சொத்தை. காதில் குத்தல். பல்லி விழுந்தது, இடது தோள்.

ஏழுமலை பரோட்டா வாங்கி வந்தான். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தான். கன்னியம்மா போனபிறகு இருவரும் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நெஞ்சு கொஞ்சம் இளகியது.

"கரண்டு போனா?"

"போகட்டும் நைனா. அங்க ஓடும்."

"நீ இந்த விண்டோவ மூடிட்டா?"

"மூடினாலும் அங்க ஓடும். மறுபடியும் தொறந்தா விட்ட எடத்துலேருந்து பாக்கலாம். நிறுத்துன்னு சொன்னாத்தான் நிக்கும்."

"பெரிய ஆளு நீ" என்று அவள் தலையைத் தட்டினான்.

படத்தில் வெடி வெடிக்கிறது. கல் எல்லாம் சட்டியில் பொரி பொரிந்தாற்போல எழும்புகிறது. ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டு எகிறி, எங்கள் வீட்டுத் துணிக்கொடிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. கையிலிருந்த டம்ளரைச் சுவரில் அடித்தேன். சுண்ணாம்பு பெயர்ந்தது. தேவகி திரும்பவும் அதையே ஓடவிட்டுப் பார்த்தாள். ஏழுமலை எழுந்து வெளியே போய்விட்டான்.


ஆனி 11, புதன்

 எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

பகல் வெடிக்குச் சங்கு ஊதுவதற்கு முன்னே வந்தார்கள். குவாரி மேஸ்திரி தசரதன், கூட இரண்டு பேர். ஒருவன் அந்தக் கடுக்கன்காரன். செருப்போடு உள்ளே வந்தார்கள். ஏழுமலை இன்று வேலைக்குப் போகவில்லை. வாசற்படியில் நின்றான், வண்டிச் சாவி கையில்.

தசரதன்: "பாப்பா, படம் காட்றியாமே. எங்களுக்கும் காட்டேன்."

தேவகி: "வெள்ளிக்கெழம ஆபீசுல வந்து பாருங்க."

"நிறுத்து அத."

"முடியாது."

அறைந்தான். பெண் சுவரில் மோதிக் கீழே விழுந்தாள், உதடு கிழிந்தது. நான் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து வீசினேன். கடுக்கன்காரன் கண்ணில் முழுசாக விழுந்தது. அலறிக்கொண்டு வெளியே ஓடினான். நல்லது. மற்றவன் என் வயிற்றில் உதைத்தான். விழுந்த இடத்தில் தசரதன் கை கிடைத்தது, கடித்தேன். விடவில்லை. அவன் என் முடியைப் பிடித்து மண்டையைத் தரையில் அடிக்கிறான், நான் விடவில்லை. வாயெல்லாம் ரத்தம், அவனுடையதும் என்னுடையதும். ஒரு பல் போய்விட்டது.

"கெழவி பேயாட்டம் இருக்குதுடா" என்றான் உதைத்தவன். அவனே சமையல்கட்டிலிருந்து என் அருவாமனையை எடுத்துவந்தான். தசரதன் அதை என் கழுத்தில் வைத்தான். காலையில் மீன் அரிந்தது. அந்த நாற்றம் இன்னும் மூக்கில்.

"நிறுத்தறியா, இல்ல உங்க ஆயாவ அரியட்டா?"

"அரிஞ்சா அரியட்டும், நீ நிறுத்தாதடி" என்று கத்தினேன்.

தேவகி என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். ஒரு தட்டு. விண்டோ மறைந்தது. திரை வெறும் நீலம்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். போயிடுச்சி."

அவள் கண் வறண்டு இருந்தது. திங்கட்கிழமை கணக்குச் செத்தபோது எப்படி அழுதாள், எனக்குத் தெரியாதா? புரிந்துகொண்டேன். மூடியிருக்கிறாள், நிறுத்தவில்லை. உடனே நானும் ஐயோ பாழாப்போச்சே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தேன். தசரதன் சிரித்தான். அருவாமனையை மூலையில் எறிந்தான். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். வாசல் வரைக்கும் போய்விட்டான்.

"அது நிக்கல மேஸ்திரி."

ஏழுமலை.

"விண்டோவ மூடினா படம்தான் போவும். அங்க ஓடிக்கிட்டுதான் இருக்குது. நிறுத்துன்னு சொன்னாத்தான் நிக்கும்."

அவனை யாரும் தொடவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

தசரதன் திரும்பி வந்தான். இப்போது சிரிப்பு இல்லை. தேவகியின் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். இரண்டு விரல். அந்தச் சத்தத்தை எழுத எனக்குச் சொல் கிடையாது. அப்புறம் இடது கையால் அவளே திறந்தாள், அவளே நிறுத்தினாள், அவன் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் அழித்தாள். கடைசியில் என் அம்மிக்குழவியாலேயே அந்தப் பெட்டியை நசுக்கினான்.

சகாயமேரி பின்கதவு வழியாக ஓடிவந்து, விறகுக்கட்டையை ஓங்கியபோது அவர்கள் தெருவில் இருந்தார்கள். அவள் பார்த்தாள். மூவரையும் பார்த்தாள்.


ஆனி 12, வியாழன்

லேசான தூறல். பிறகு வெயில்.

ஆஸ்பத்திரியில் தேவகிக்குக் கட்டுப் போட்டார்கள். எனக்குத் தலையில் தையல். டாக்டர் எப்படி என்று கேட்டார், சொன்னேன். எழுதிக்கொண்டார். விழுங்க மாத்திரை: வெள்ளை காலையில், சிவப்பு இரவில்.

கஞ்சிதான். மெல்ல முடியவில்லை.

ஏழுமலை என் காலடியில் உட்கார்ந்தான்.

"எம்மா. நேத்து ஏமாத்தி அனுப்பியிருந்தாலும், வெள்ளிக்கெழம படம் வந்ததும் தெரிஞ்சிடும். அப்ப ஆள வெச்சி வெட்டுவானுங்க. இத்தோட முடியட்டும்னுதான் சொன்னேன்."

"உம் பொண்ணு வெரலு போச்சேடா."

"உசுரு இருக்குதில்ல?"

யோசித்தேன். சின்னப் பிள்ளையிலிருந்தே பயந்தவன். வாண வேடிக்கைக்கே என் புடவைக்குள் புகுவான். பயத்தில் வாய் உளறும். தட்டில் சோறு போட்டுத் தள்ளினேன், முகத்தைப் பார்க்காமல். சாப்பிட்டான். தேவகி அவனோடு பேசவில்லை. படம் இல்லாமலும் நாளைக்குப் போவேன் என்கிறாள். நடந்ததைச் சொன்னால் போதும், கை இருக்கிறது, ஆயா வாய் இருக்கிறது, சகாயமேரி இருக்கிறாள் என்கிறாள்.


ஆனி 13, வெள்ளி

வெயில். பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம்.

ஆபீசில் இருந்தவர்கள்: அதிகாரி, அவர் எழுத்தர், குவாரி வக்கீல், தசரதன், ஏழுமலை, தேவகி, சகாயமேரி, நான். முதலாளி வரவில்லை. வரமாட்டான்.

தேவகி எழுந்து நின்று சொன்னாள். கணக்கு எங்கே ஓடியது, எப்படி நிறுத்த வைத்தார்கள், எல்லாம். குரல் ஆடவில்லை. கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்தாள். அதிகாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தசரதன் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தான். "சட்டைக் கையத் தூக்கச் சொல்லுங்க, என் பல்லு பதிஞ்சிருக்குது" என்றேன்.

தூக்கினான். "நாய் கடிச்சிது சார். தெரு நாயி." வக்கீல் சிரித்தான்.

"பொய்யி! ஏசப்பா சத்தியமா நான் பாத்தேன்" என்று சகாயமேரி எழுந்தாள். வக்கீல், இந்த அம்மாவுக்கும் குவாரிக்கும் ஏற்கெனவே வழித்தகராறு என்றான். அது உண்மைதான். அதனால் அவள் சொன்னது எடுபடவில்லை.

அதிகாரி ஏழுமலை பக்கம் திரும்பினார். "நீங்க பொண்ணோட அப்பா. நீங்க சொல்லுங்க. அன்னிக்கு வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

மின்விசிறி சுற்றியது. மேசைமேல் தண்ணீர் பாட்டில். அருவாமனை இல்லை. அவன் கழுத்தை யாரும் பிடிக்கவில்லை. தசரதன்கூட அவனைப் பார்க்கவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் வரல சார். படியில வழுக்கி உழுந்துட்டா. கம்ப்யூட்டரும் அப்பத்தான் ஒடஞ்சிது." பிறகு என்னைக் காட்டி, "எங்கம்மாவுக்கு வயசாயிடுச்சி. இன்னான்னாவோ பேசறாங்க."

தேவகி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.  நைனா என்றுகூடச் சொல்லவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். ஆஸ்பத்திரிச் சீட்டு இருப்பதால் விசாரணையைத் தள்ளிவைக்கிறேன், அடுத்த முறை படத்தோடு வாருங்கள், அதுவரை புதுக் குழி தோண்டக்கூடாது என்றார். பழைய குழியில் வெடிக்கலாம். கன்னியம்மாவைக் கொன்றது பழைய குழிதான்.

பஸ் ஸ்டாண்டு. தேவகிக்கு இட்லி ஊட்டினேன். கையில் பிடிக்க முடியவில்லை.

"இந்தவாட்டி காலேஜிலியே உக்காந்து ஓட்டறேன் ஆயா. இங்கேருந்து வாணாம்."

"முடிச்சிட்டு வருவியில்ல?"

"ஆபீசுக்கு வருவேன். வூட்டுக்கு வரமாட்டேன்."

"அம்மா தெவசத்துக்கு?"

"நீ வா அங்க. நாம ரெண்டு பேரும் பண்ணலாம்."

பஸ் கிளம்பியது. இடது கையை ஆட்டினாள். அந்தக் கை அவளுக்குச் சரியாக ஆட்டக்கூட வரவில்லை.

சாயந்திரம் அவன் வந்தான். கால் கழுவினான். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். "எம்மா, சோறு."

குழம்புக் கரண்டி கையில் இருந்தது. முழு வேகத்தில் நெற்றியில் அடித்தேன். ரத்தம் புருவத்தில் இறங்கியது. "பைத்தியமா உனுக்கு?" என்றான். இன்னொன்று வைத்தேன், அதே இடத்தில். சோற்றுப் பானையைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தேன். அவன் பாயையும் சட்டைகளையும் தெருவில் எறிந்தேன். சகாயமேரி வாசலில் நின்று பார்த்தாள், தடுக்கவில்லை.

தாழ்ப்பாள் போட்டாயிற்று. வெளியே நின்று தட்டுகிறான்.

முதலாளி எதிரி. எதிரி அதைத்தான் செய்வான். தசரதன் கூலிக்கு அடிக்கிறவன், நாளைக்கு வேறொருவனிடம் கூலி வாங்கினால் முதலாளியையும் அடிப்பான். புதன்கிழமை சொன்னதைக்கூடப் பயம் என்று விட்டிருப்பேன். விட்டுச் சோறும் போட்டேன். ஆனால் இன்று, மின்விசிறிக்குக் கீழே, யாரும் தொடாமல், பெற்ற பெண்ணின் கட்டுப்போட்ட கையை எதிரே வைத்துக்கொண்டு சொன்னானே. அவனை மன்னிக்க மாட்டேன். நான் செத்தால் கொள்ளி வைக்க அவன் வரக்கூடாது, தேவகி வைக்கட்டும். மன்னிக்காதவன் பேரையும் எழுதிவைக்கிறேன்.

ஏழுமலை.