மாமா தீட்டிய படத்துக்கு அம்மா கொடுத்த முத்தம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தம்பியும், எங்களிடம் நீ விட்டுப்போன உன் மகள் குட்டியும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்க வேண்டிய அவசியமில்லை, போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போட்ட சத்தத்திலேயே உடம்பு திடமாக இருப்பது தெரிந்துவிட்டது. இதையும் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் குரலை உயர்த்தினால் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், அவளிடம் தப்பினால் நீ சிக்னல் இல்லப்பா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும்.

எனக்குக் கோபம்டி மகளே, லேசுப்பட்ட கோபம் இல்லை. குட்டிக்கு விரலில் பலம் போதவில்லை, சட்டைப் பட்டன் போட வரவில்லை, பென்சிலை உலக்கை பிடிக்கிற மாதிரி பிடிக்கிறாள், தினமும் கொஞ்சம் வண்ணம் தீட்டட்டும் என்று டீச்சர் சொன்னது உனக்கும் தெரியும். பூவும் பழமும் கொடுத்தபோது திரும்பிக்கூடப் பார்க்காதவள் சூப்பர் ஹீரோ படம் என்றதும் தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். தோளில் துண்டைப் பறக்கவிட்டுக்கொண்டு குளிக்கப் போகிறவன் மாதிரி ஒருத்தன், அவனுக்கு முகமெல்லாம் பச்சை, வண்ணத்தில் பாதி அவன்மேல், மீதி தரைமேல். உன் அம்மா துடைத்துக்கொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே சிரித்தாள். அந்த நேரம் பார்த்து வந்தது உன் அதிகாரம். வகுப்புப் பெற்றோர் குரூப்பில் மற்ற பிள்ளைகள் படத்தைப் பார்த்தாயாம், எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கிறதாம், நம் குட்டி மட்டும் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போகிறாளாம், வீட்டில் மூன்று பெரியவர்கள் இருந்து என்ன கிழிக்கிறீர்கள் என்று கேட்டாய். நாலு வயசுப் பிள்ளை அச்சடித்த மாதிரி தீட்டியிருந்தால் அதைத் தீட்டினது அதோட அப்பன் என்று உனக்குத் தோன்ற வேண்டாமா? பத்தாம் வகுப்பையே இரண்டு வருஷம் ஆற அமரப் படித்தவன் நான், எனக்கே தோன்றியதே!

உன் வாய்க்குப் பயந்து உன் தம்பி ஒரு காரியம் பண்ணினான். பேனர் கடையில் வேலை பார்க்கிற கை சும்மா இருக்குமா, ஒரு ஹீரோவை இம்மி பிசகாமல் தீட்டி, குட்டி பேரைப் போட்டு குரூப்பில் அனுப்பிவிட்டான். எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ என்ன செய்தாய்? பாத்தியாடி செல்லம், மனசு வச்சா உன்னால முடியுது என்று குதித்தாய், மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினாய், போனில் இருந்த அந்தப் படத்துக்கு முத்தம் கொடுத்தாய். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தாயா? நான் பார்த்தேன். நீ போனை வைத்ததும் அவள் எழுந்து போய் கிரேயான் டப்பாவை எடுத்து வந்து மாமா மடியில் வைத்தாள். நீயே போடு மாமா, அம்மாவுக்கு நீ போடுறதுதான் பிடிக்குது என்றாள். எனக்கு அப்போதுதான் விஷயமே விளங்கியது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிவைத்துச் சமாதானம் பண்ணியிருப்பேன். உன் தம்பி தலையைக் குனிந்தவன்தான், நான் திட்டின திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து கிரேயான் மட்டும் இல்லை, பட்டனையும் நீ போடு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறாள். செருப்புப் பட்டையை நீ மாட்டு, ஸ்பூனை நீ பிடி. கொஞ்சநஞ்சம் வந்த விரலும் போச்சு. நான் டீச்சரிடம் சண்டை போடத்தான் போனேன், அந்தப் பெண் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டாள். அந்த குரூப்புக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லையாம், பெற்றோர்களாக ஆரம்பித்துக்கொண்டதாம். அழகான படம் யாருக்கு வேணும் ஐயா, அழுத்தித் தீட்டினாத்தான் விரல் பலப்படும் என்றாள். நீ ஆசை ஆசையாக அனுப்பின ஸ்கெட்ச் பேனா தொட்டாலே ஒழுகுகிறது, அதில் விரலுக்கு என்ன வேலை, எடுத்து மேலே வைக்கச் சொல்லிவிட்டாள். கிரேயானைச் சின்னச் சின்னதாக உடைத்துப் போட்டால் முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டுமாம். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் நீங்களும் தீட்டுங்க என்றாள். என் வியாதியை ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள் பார்.

புது கிரேயானை நான் உடைத்ததற்கு உன் அம்மா வைத்த ஒப்பாரியைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும். வாயை மூடிக்கொண்டு தினமும் சாயங்காலம் உட்கார்ந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் முப்பது வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணின கை, ஹீரோவைத் தீட்டினால் மஞ்சள்காமாலை வந்தவன் மாதிரி ஆகிவிட்டான். வியாழக்கிழமை எட்டிப் பார்த்தாள். தாத்தா, இவருக்கு உடம்பு சரியில்லையா என்றாள். ஆமாம், நாலு நாளாய்ச் சாப்பிடவில்லை என்றேன். தள்ளு என்று என்னை இடித்துவிட்டு ஒரு சிவப்புக் கிரேயான் துண்டை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள் பார் ஒரு அழுத்து, அவன் முழங்காலில் பேப்பரே கிழிந்துவிட்டது. அப்புறம் தனக்கென்று ஒரு ஹீரோவை எடுத்து முழுசாகத் தீட்டினாள். அந்தத் தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், வரி வரியாகப் புடைத்திருந்தது. அந்தப் பிஞ்சு விரலுக்கு அவ்வளவு அழுத்தம். உனக்கு அனுப்பலாம் என்று போட்டோ எடுக்கப் போனால் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அம்மாவுக்குக் காட்டாதே தாத்தா என்றாள். இவ்வளவு கோபமும் அதனால்தான். அவள் சொன்ன பிறகு நான் எப்படி அனுப்புவது? அதனால் அதை இந்தக் கடிதத்தோடு வைக்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிடச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், திட்டுகிற வாய்தான் வாழ்த்துகிறது. ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, முத்தம் கொடுத்த படம் மாமா தீட்டினது என்று அம்மாவுக்குத் தெரியாமல் போச்சு என்று முதலில் அவளிடம் சொல். அப்புறம் அவள் படத்தைக் கேள். மாட்டேன் என்றால் அதற்கடுத்த ஞாயிறும் கேள். கெஞ்சிக் கேட்டாலும் தப்பில்லை, நீதான் அம்மா.

இப்படிக்கு,
கோபம் இன்னும் முழுசாக ஆறாத உன் அப்பா