கடைசி நிறுத்தத்துச் சாப்பாட்டுக் கடை

என்னங்க, நீங்களும் பாப்பாவும் சௌக்கியமா? உங்கள் முதுகுவலி குறைந்ததா?

நான் அறை பெருக்கும் விடுதித் தெருவில் எல்லாமே சுற்றுலாக்காரர்களுக்கான கடைகள். சாப்பாடு வாயில் வைக்க விளங்காது. போன வாரம் லீவு நாளில் பஸ் மாறி ஏறி, கடைசி நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். பயப்படாதீர்கள், நல்லதாகத்தான் முடிந்தது. அங்கே பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கடையில் ஊர்க்காரர்கள் முண்டியடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டோடு நின்ற என்னைப் பார்த்து, ஒரு கண்டக்டரம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் நிக்கறே? உக்காரு, ஆறிடப் போகுது. அடுத்த லீவுக்கும் வந்துடு."

நேற்றும் போனேன். பக்கத்து நாற்காலியில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார்!

பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். அளவுக்கு ஒரு பாதம் போதும். எனக்கு இரண்டும் வேண்டும்.

விடுதி மேனேஜர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள்
வாயாடி