கழுத்து திரும்பிய நாள்

தோஹா, மார்ச் 2011

அன்புள்ள உம்மாவுக்கு, மகள் ஃபர்ஹானா சலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கிருபையால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா?

உம்மா, நான் ஜெயித்துவிட்டேன்! சிதம்பரத்துக்காரர் சுரேந்தர், லாரி டிரைவர், கழுத்தைத் திருப்ப முடியாமல் எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தார். கம்பெனி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தது; குணமாகாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடும். இறுகிய தசையில் மருந்தில்லாத மெல்லிய ஊசியைக் குத்தி வலியைக் குறைக்கலாம் என்றேன்.

சீனியர் காசிநாதன் சாருக்குக் கோபம். “ஊசியெல்லாம் ஏமாத்து வேலம்மா. கையால நீவினாலே போதும். ஆதாரம் இருக்கா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து வைத்தேன். “ஊசியோ கையோ, கொஞ்ச நாளைக்குத்தான் வலி கொறையுது சார். அது மட்டும் போதும்னு யாரும் நிரூபிக்கல. வலி கொறைஞ்ச நேரத்துல பயிற்சி குடுப்போம்” என்றேன். அரைமனதாகச் சம்மதித்தார். சில வாரம் ஊசியும் பயிற்சியும் மாறி மாறிக் கொடுத்தேன்.

நேற்று சுரேந்தர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, லாரியை ரிவர்ஸில் கொண்டுவந்து கிளினிக் வாசலில் நிறுத்தினார். “யக்கா, வேலைக்கு மறுபடி எடுத்துக்கினாங்க!” என்று கத்தினார். காசிநாதன் சார் கைதட்டிவிட்டு, “எனக்கும் அந்த ஊசிய கத்துக்குடும்மா” என்றார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

நவ்ஷாத் மச்சான் ஊரிலிருந்து இங்கே வரும்போது மீன் குழம்பு மசாலா கொடுத்தனுப்புங்கள். கிளினிக் வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். இன்னொன்று உம்மா, நான் போன் செய்தால் உடனே மிக்ஸியை நிறுத்திவிடுகிறீர்கள். நிறுத்தாதீர்கள். அந்தச் சத்தமும் எனக்குக் கேட்கட்டும்.

ஃபர்ஹானா